யார் இந்த ‘மக்கள்’? கலிபோர்னியாவின் நேரடிச் சட்டமியற்றல் குறித்துச் சில குறிப்புகள்

2016 நவம்பர் தேர்தலுக்கு முன்னால் கலிபோர்னியா மாநிலத்து வாக்காளர் வீடுகளுக்கு அரசாங்கம் தபாலில் ஒரு புத்தகம் அனுப்பியது. 224 பக்கம். வேட்பாளர்களுக்காக அச்சிட்ட புத்தகமல்ல அது, 17 சட்டங்களுக்காக அச்சிட்டது. மரண தண்டனையை ஒழிக்கலாமா? அதே தண்டனையை இன்னும் வேகமாக நிறைவேற்றலாமா? கஞ்சாவை அனுமதிக்கலாமா? கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுப்பதைத் தடுக்கலாமா? பாலியல் படங்களில் நடிப்பவர்கள் ஆணுறை அணிந்தாக வேண்டும் என்று சட்டம் போடலாமா? பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கடன் வாங்கலாமா? அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த அதே வாக்குச்சீட்டில் இந்தப் பதினேழுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று வாக்காளர் குறிக்க வேண்டியிருந்தது. எண்ணி முடித்தபோது மரண தண்டனை ஒழிப்பு தோற்றது, வேகப்படுத்துவது ஜெயித்தது. கஞ்சாவும் ஜெயித்தது.

பிரதிநிதித்துவ சனநாயகத்தின் மீது நம்பிக்கை இழந்தவர்களுக்கு — இதை வாசிக்கிறவர்களில் பலர் அப்படித்தான் என்று நினைக்கிறேன் — இதைக் கேட்டவுடன் ஒரு கிளர்ச்சி ஏற்படும். இடைத்தரகன் இல்லை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து கும்பிடு போட்டுவிட்டுக் காணாமல் போகிறவன் இல்லை, மக்களே எழுதி மக்களே நிறைவேற்றும் சட்டம். இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தோம்? அப்படிக் கேட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இந்த மாநிலத்தின் கதையைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம் என்று தோன்றியது. நூறாண்டுக்கும் மேலாக ஒரு பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 3.9 கோடிப் பேர் வாழும் ஒரு பெரிய முதலாளியப் பொருளாதாரத்துக்குள் நடக்கிறது அது.

முதலில் மாநில அரசின் எலும்புக்கூட்டைச் சொல்லிவிடுகிறேன். தலைநகரம் சாக்ரமெண்டோ. கீழவையில் 80 பேர், மேலவையில் 40 பேர். ஒரு மேலவை உறுப்பினர் ஏறத்தாழ பத்து லட்சம் பேருக்குப் பிரதிநிதி. வாஷிங்டன் காங்கிரஸின் கீழவைக்குப் போகிறவரின் தொகுதியைவிடப் பெரியது இது. கவர்னர் மக்களால் தனியே தேர்ந்தெடுக்கப்படுகிறவர், நிஜமான அதிகாரம் உள்ளவர். சட்டமன்றத்தில் உட்காரமாட்டார், அங்கே பெரும்பான்மை போனால் கவிழவும் மாட்டார். அவருடைய ‘மந்திரிகள்’ என்று நாம் நினைக்கக்கூடிய சிலரும் தனித்தனியே மக்களிடம் ஓட்டு வாங்கி வருகிறவர்கள்: துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல், கணக்குத் தலைவர், பொருளாளர், மாநிலச் செயலர், கல்விக் கண்காணிப்பாளர், காப்பீட்டு ஆணையர். இவர்கள் கவர்னருக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. சட்டமன்றம் நிறைவேற்றுவதைக் கவர்னர் மறுக்கலாம்; பட்ஜெட்டில் ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியில் கையெழுத்துப் போடலாம். மறுப்பை முறியடிக்க இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். நாற்பதாண்டுக்கு மேலாக ஒரு மறுப்பும் முறியடிக்கப்பட்டதில்லை. அதற்குக் கீழே 58 கவுண்டிகள். ஆஸ்பத்திரி, சிறை, ஏழைகளுக்கான உதவி என்று அன்றாடத்தில் மனிதர்கள் மோதிக்கொள்ளும் அரசாங்கம் இந்தக் கவுண்டிகள்தான்.

2011 முதல் மாநிலம் முழுக்க ஓட்டுப் பெற்று வரும் எல்லாப் பதவிகளும் டெமாக்ரட் கட்சியிடம் இருக்கின்றன. சமீப ஆண்டுகளில் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அவர்கள்தான். அப்படியானால் அவர்கள் நினைத்ததையெல்லாம் செய்ய முடியவேண்டும் இல்லையா? முடியாது. மக்கள் வாக்கில் வந்த ஒரு சட்டத்தை, அந்தச் சட்டமே அனுமதி கொடுத்திருந்தாலொழிய, சட்டமன்றம் தொட முடியாது. மாற்ற வேண்டுமானால் திரும்ப மக்களிடமே போகவேண்டும். நேரடிச் சட்டம் உள்ள மற்ற அமெரிக்க மாநிலங்கள் எதிலும் இந்த அளவு இறுக்கம் கிடையாது. சாக்ரமெண்டோவில் யார் உட்கார்ந்தாலும், அவர்களுக்கு முன்பே ஒருவர் வந்து பாதி நாற்காலிகளைத் தரையோடு ஆணியடித்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயர் ‘மக்கள்’.

*

ஆணியடிக்கும் உரிமை எப்படி வந்தது என்பது நல்ல கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கலிபோர்னியா ஒரு ரயில்வே கம்பெனியின் சொத்து. சதர்ன் பசிபிக். சரக்குக் கட்டணத்தை அது வைத்தது, நிலத்தை அது வைத்திருந்தது, சட்டமன்ற உறுப்பினர்களையும் அதுவே வைத்திருந்தது. அந்தக் கூட்டத்தின் முன்னோடிகளில் ஒருவரான லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் 1862-63இல் மாநிலத்தின் கவர்னராகவும் ரயில்வே கம்பெனியின் தலைவராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். இன்று உலகமே மரியாதையாக உச்சரிக்கும் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் அவர்தான்.

இந்தப் பிடியை உடைப்பதாகச் சொல்லி 1910இல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஹிராம் ஜான்சன். அடுத்த ஆண்டு அக்டோபர் 10 அன்று நடந்த சிறப்புத் தேர்தலில் மூன்று கருவிகள் மக்கள் கைக்கு வந்தன. ஒன்று, இனிஷியேட்டிவ்: குறிப்பிட்ட எண்ணிக்கையில் கையெழுத்துச் சேர்த்தால் யார் வேண்டுமானாலும் ஒரு சட்டத்தை அல்லது அரசியல் சட்டத் திருத்தத்தை நேரே வாக்குச்சீட்டில் வைக்கலாம். இரண்டு, ரெஃபரண்டம்: சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைக் கையெழுத்துச் சேர்த்து நிறுத்திவைத்து வாக்குக்கு விடலாம். மூன்று, திரும்ப அழைத்தல்: பதவிக் காலம் முடியும் முன்பே ஆளை இறக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸில் ஜான் ராண்டால்ஃப் ஹெய்ன்ஸ் என்ற மருத்துவர் இதற்காகப் பல வருடம் அலைந்திருந்தார். ஸ்விட்சர்லாந்தும் பக்கத்து ஆரிகன் மாநிலமும் முன்மாதிரிகள். அதே நாள் தேர்தலில்தான் பெண்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்தது, 3,587 வாக்கு வித்தியாசத்தில். கம்பெனிகளின் சட்டமன்றத்துக்கு எதிராக மக்களின் சட்டமன்றம். 1911இன் அந்தக் கிளர்ச்சி பொய்யானதல்ல.

ஆனால் அந்த ‘மக்கள்’ என்ற சொல்லுக்குள் யார் யார் இருந்தார்கள் என்பது இரண்டே வருடத்தில் தெரிந்துவிட்டது. 1913இல் இதே ஹிராம் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அந்நியர்கள் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்றது. ஜப்பானியர்கள் என்று எழுதவில்லை, எழுத வேண்டிய அவசியமும் இல்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி ஆசியர்களுக்குக் குடியுரிமை கிடையாது. மூன்றாண்டுக் குத்தகை, பிள்ளைகள் பெயரில் நிலம் என்று அதில் சில சந்துகள் இருந்தன. அந்தச் சந்துகளை அடைத்தது சட்டமன்றமல்ல. 1920இல் மக்கள் நேரடியாக, நான்கில் மூன்று பங்கு வாக்குகளோடு, குத்தகையையும் சேர்த்துத் தடுத்தார்கள். 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்கான ‘வெள்ளையர்’ அல்ல என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்ன பிறகு, இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தியும் காய்கறியும் போட்டுக்கொண்டிருந்த பஞ்சாபி விவசாயிகளும் இந்த வலைக்குள் வந்தார்கள். தெரிந்த வெள்ளைக்காரர் பெயரில் நிலத்தை எழுதிவைத்து, அவர் ஏமாற்றாமலிருக்க வேண்டிக்கொண்டு பயிர் செய்த காலம் அது. 1956 நவம்பரில் வாக்காளர்களே அந்தச் சட்டத்தை நீக்கினார்கள். அதே தேர்தலில் அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த தலிப் சிங் சௌந்த் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இடையில் 36 வருடம் போயிருந்தது.

*

சரி, இந்தக் கருவி நடைமுறையில் எப்படி இயங்குகிறது? இரண்டாயிரம் டாலர் கட்டி வரைவைக் கொடுக்க வேண்டும். அட்டர்னி ஜெனரல் அதற்குத் தலைப்பும் நூறு வார்த்தைக்குள் ஒரு சுருக்கமும் எழுதுவார். அவர் ஒரு கட்சிக்காரர், அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவர் என்பதை மறக்கக் கூடாது. பெரும்பாலான வாக்காளர் சட்டத்தின் மூலத்தை வாசிப்பதில்லை, தலைப்பைத்தான் வாசிக்கிறார்கள். பிறகு 180 நாளில் கையெழுத்து. கடைசி கவர்னர் தேர்தலில் விழுந்த வாக்குகளில் 5 சதவீதம் சாதாரணச் சட்டத்துக்கு, 8 சதவீதம் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு. 2022 தேர்தல் கணக்குப்படி 5,46,651 மற்றும் 8,74,641.

ஆறு மாதத்தில் எட்டே முக்கால் லட்சம் கையெழுத்தை ஆர்வலர்கள் மட்டும் சேர்த்துவிட முடியாது. அதற்கென்றே கம்பெனிகள் உண்டு. பலசரக்குக் கடை வாசலில் மேசை போட்டு நிற்கிறவர்களுக்குக் கையெழுத்துக்கு இத்தனை என்று கூலி. சில ஆண்டுகளில் ஒரு கையெழுத்துக்கான மொத்தச் செலவு பத்து டாலரைத் தாண்டியிருக்கிறது. ஒரே ஆள் ஐந்து மனுக்கள் வைத்திருப்பான். ஒன்று மரம் வளர்ப்பதற்காக இருக்கும், ஒன்று மரம் வெட்டுகிறவனுக்காக இருக்கும். அவனுக்கு எதுவானாலும் கூலி கூலிதான், பாவம். கூலிக்குக் கையெழுத்துச் சேர்ப்பதைத் தடுக்க முடியாது, அது பேச்சுரிமை என்று 1988இல் உச்சநீதிமன்றம் ஒரு கொலராடோ வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது.

அமெரிக்காவின் முதல் தேர்தல் ஆலோசனைக் கம்பெனி பிறந்ததும் இந்த மாநிலத்தில்தான், 1933இல். விட்டேகர், பாக்ஸ்டர் என்ற இருவர் நடத்தியது. அடுத்த ஆண்டு எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் ‘கலிபோர்னியாவில் வறுமையை ஒழிப்போம்’ என்று கவர்னர் தேர்தலில் நின்றபோது அவரைத் தோற்கடித்த பிரச்சாரத்தில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சிங்க்ளேரின் நாவல் பாத்திரங்கள் பேசியதையெல்லாம் சிங்க்ளேர் பேசியதாகப் பத்திரிகைகளில் தினம் ஒரு பெட்டிச் செய்தி வரச் செய்தார்கள். நாவலாசிரியர்கள் கவனிக்க.

*

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது முன்மொழிவு 13. 1978 ஜூன் 6. எழுபதுகளில் வீட்டு விலைகள் தாறுமாறாக ஏறின. வீட்டு வரி சந்தை மதிப்போடு பிணைக்கப்பட்டிருந்ததால், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கு வருமானம் அப்படியே இருக்க வரி மட்டும் இரட்டிப்பானது. அந்தப் பயம் உண்மை. சாக்ரமெண்டோவில் உபரிப் பணம் குவிந்துகிடந்தது, சட்டமன்றம் நிவாரணம் தருவதில் இழுத்தடித்தது. அதுவும் உண்மை. இந்த உண்மைகளின் மேல்தான் ஹோவர்ட் ஜார்விஸ், பால் கான் என்ற இருவர் ஏறி நின்றார்கள். அவர்கள் முன்வைத்தது இது: வரி சொத்து மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது, மதிப்பு 1975-76 நிலைக்குத் திரும்பும், வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது, சொத்து கைமாறினால்தான் புது விலைக்கு மதிப்பீடு. கூடவே, கண்ணில் படாத ஒரு வாசகம்: இனி மாநில வரி எதையும் உயர்த்தச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

ஏறத்தாழ 65 சதவீத ஆதரவில் நிறைவேறியது. ‘ஆம்’ வாக்குகள் 42 லட்சம் சொச்சம். மாநிலத்தின் அன்றைய மக்கள்தொகை இரண்டு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். உள்ளாட்சிகளின் சொத்து வரி வருமானம் பாதிக்கும் கீழே விழுந்தது. பள்ளிக்கூடம், நூலகம், தீயணைப்பு எல்லாம் சாக்ரமெண்டோவின் கையை எதிர்பார்க்கத் தொடங்கின. வரியை மக்கள் குறைத்துக்கொண்டார்கள், அதோடு தங்கள் ஊர் ஆட்சியையும் தலைநகரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, வாக்குச்சீட்டிலும் இப்படி எழுதியிருக்கவில்லை.

யாருக்கு லாபம்? விற்காமல் வைத்திருந்தவனுக்கு. ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டில், நேற்று வாங்கிவந்தவர் பக்கத்து வீட்டுக்காரரைப் போல ஐந்து மடங்கு வரி கட்டுவது சாதாரணமாயிற்று. இது சமத்துவத்துக்கு எதிரானது என்று போன வழக்கை 1992இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வீடு எப்படியும் ஒருநாள் கைமாறும், மனிதன் சாகிறான். கம்பெனி சாவதில்லை. பங்குகள் கைமாறும், நிலம் அதே பெயரில் இருக்கும். கிழவியின் வீட்டைக் காப்பாற்ற வந்த சட்டத்தின் நிழலில் தொழிற்சாலைகளும் வணிக வளாகங்களும் இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. வணிகச் சொத்துகளை மட்டுமாவது பிரித்துச் சந்தை மதிப்புக்கு வரி போடலாம் என்று 2020இல் முன்மொழிவு 15 வந்தது. 48க்கு 52 என்று தோற்றது. வாடகைக்குக் குடியிருக்கிறவர்களின் ஓட்டும் அந்த 52இல் இருந்திருக்கும். ‘அடுத்தது உன் வீடுதான்’ என்ற பயம் வீடில்லாதவனையும் பிடித்து ஆட்டும். கருத்தியல் என்று நாம் அடிக்கடி எழுதுகிறோமே, அது வேலை செய்கிற விதம் இதுதான்.

அடுத்த முப்பது வருடம் சட்டமன்றம் ஒரு கேலிக்கூத்தாக மாறியது. பட்ஜெட்டை நிறைவேற்றவும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற பழைய விதி ஏற்கெனவே இருந்தது. சிறுபான்மைக் கட்சி ஒவ்வொரு கோடையிலும் பட்ஜெட்டைப் பிணைக்கைதியாகப் பிடித்து வைத்தது. 2009 ஜூலையில் மாநிலம் தன் கடன்காரர்களுக்குப் பணத்துக்குப் பதிலாகக் கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது. எழுதியது மளிகைக் கடைக்காரன் இல்லை, ஒரு தேசத்துக்குச் சமமான பொருளாதாரம். ‘இந்த அரசியல்வாதிங்க ஒண்ணுக்கும் லாயக்கில்ல’ என்று மக்கள் சொன்னார்கள். அந்த வெறுப்பில் 1990இலேயே உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு போட்டிருந்தார்கள். தொழில் பழகுவதற்குள் உறுப்பினர் வீட்டுக்குப் போகவேண்டும். தொழில் தெரிந்தவர்களாக மிஞ்சியவர்கள் கம்பெனி தரகர்கள். கையைக் கட்டியது முதல் வாக்கு, கை ஓடவில்லை என்று திட்டியது இரண்டாவது வாக்கு. 2010இல் இன்னொரு முன்மொழிவு வந்து பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றாக்கிய பிறகுதான் இந்த வருடாந்தரக் கூத்து நின்றது. வரிக்கான மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கிறது.

*

சிறுபான்மையினரின் உரிமையைப் பெரும்பான்மையின் ‘ஆம்/இல்லை’க்கு விடலாமா என்ற கேள்வி 1920இல் முடிந்துவிடவில்லை. 1963இல் சட்டமன்றம், நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுத்து ரம்ஃபோர்ட் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டுத் தரகர்களின் சங்கம் கையெழுத்துச் சேர்த்தது. 1964இல் 65 சதவீதம் பேர், யாருக்கு வீடு கொடுப்பது என்பது சொத்துக்காரனின் உரிமை என்று முன்மொழிவு 14க்கு ‘ஆம்’ போட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதி எரிந்தது, 34 பேர் செத்தார்கள். அதற்கு இந்த வாக்கு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கறுப்பின மக்களிடம் மாநிலத்தின் பெரும்பான்மை அதிகாரபூர்வமாக, எண்ணிக்கையோடு, என்ன சொன்னது என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாநில உச்சநீதிமன்றம் 1966இலும் அமெரிக்க உச்சநீதிமன்றம் 1967இலும் அந்தத் திருத்தத்தைச் செல்லாதாக்கின.

1994இல் முன்மொழிவு 187: ஆவணமில்லாதவர்களின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அவசரமல்லாத மருத்துவம் கிடையாது. 59 சதவீதம் ‘ஆம்’. இதையும் நீதிமன்றம் தடுத்தது. யாரைப் பற்றிய சட்டமோ அவர்களுக்கு ஓட்டே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வயல்களில் குனிந்து நிற்கிறவர்களில், ஹோட்டல் பாத்திரம் கழுவுகிறவர்களில் பெரும்பகுதியினர் ‘மக்கள்’ என்ற எண்ணிக்கைக்குள் வருவதில்லை. ஆனால் 187 ஒரு எதிர்விளைவையும் உண்டாக்கியது. அதற்கு எதிராகத் தெருவில் இறங்கிய லத்தீனோ மாணவர்களின் தலைமுறை பின்னால் சட்டமன்றத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் தலைமையேற்றது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் புதிதாக ஓட்டுப் பெற்றவர்கள், 187ஐத் தூக்கிப்பிடித்த கவர்னர் பீட் வில்சனின் கட்சியை மறக்கவில்லை.

விவசாயத் தொழிலாளர்களின் கதை இன்னும் சிக்கலானது. 1972இல் பண்ணை முதலாளிகள் அறுவடைக் கால வேலைநிறுத்தத்தையும் பகிஷ்கரிப்பையும் முடக்கும் ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தார்கள். எண் 22. பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பெரிய புகார் எழுந்தது. சீசர் சாவெஸின் ஐக்கிய விவசாயத் தொழிலாளர் சங்கம் தெருத்தெருவாகப் போய் அதைத் தோற்கடித்தது. 1975இல் சட்டமன்றத்தின் வழியே விவசாயத் தொழிலாளருக்குச் சங்கம் அமைக்கும் உரிமைச் சட்டமும் வந்தது. அதன் விதி ஒன்றின்படி, சங்க அமைப்பாளர்கள் வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் வயலுக்குள் போய்த் தொழிலாளர்களிடம் பேசலாம். அந்த உரிமையை அசைக்க முடியாதபடி ஆணியடித்துவிடலாம் என்று 1976இல் சங்கமே ஒரு முன்மொழிவைக் கொண்டுவந்தது. இந்த முறை எதிர்த்தரப்பு ஒரே ஒரு விஷயத்தைத்தான் பேசியது: உன் நிலத்துக்குள் அந்நியன் வரலாமா? 62 சதவீதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். நான்கு வருடத்துக்கு முன் சங்கத்தின் பக்கம் நின்ற அதே வாக்காளர்கள்தான். விதி மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்து, 2021இல் அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் 6-3 தீர்ப்பில் செத்தது.

இன்னொரு 22 உண்டு. 2018இல் மாநில உச்சநீதிமன்றம், கம்பெனியின் வழக்கமான வேலையைச் செய்கிறவரைச் சுயதொழில்காரர் என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றது. 2019இல் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. ஊபர், லிஃப்ட், டோர்டாஷ் முதலிய செயலிக் கம்பெனிகள் சேர்ந்து 20 கோடி டாலருக்கும் மேல் செலவழித்து 2020இல் முன்மொழிவு 22ஐக் கொண்டுவந்தன: ஓட்டுநர்கள் தொழிலாளர்கள் அல்ல. எதிர்த்த தொழிற்சங்கங்களிடம் அதில் பத்தில் ஒரு பங்களவுதான் இருந்தது. குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம் உத்தரவாதம் என்று விளம்பரம் சொன்னது. சவாரி கிடைத்த நேரத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு, காத்திருக்கும் நேரம் கணக்கில் வராது என்பதை விளம்பரத்தில் தேட வேண்டியிருந்தது. செயலியைத் திறந்தால் அதிலும் ‘22க்கு ஆம்’. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஆம் என்றார்கள். இதைத் திருத்த வேண்டுமானால் சட்டமன்றத்தில் எட்டில் ஏழு பங்கு வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள். எட்டில் ஏழு! அன்னையர் தின வாழ்த்துத் தீர்மானத்துக்குக்கூட அத்தனை பேர் சபையில் இருப்பார்களா தெரியாது. 2024 ஜூலையில் மாநில உச்சநீதிமன்றம் 22 செல்லும் என்றது. ஓட்டுநர்கள் ‘தொழிலாளர்’ ஆகாமலே சங்கம் சேரலாம் என்று 2025இல் சட்டமன்றம் ஒரு சுற்றுவழி போட்டிருக்கிறது.

ரயில்வே கம்பெனிக்கு எதிராக வார்த்த கருவி, கார்க் கம்பெனியின் கையில். இப்படி முடித்துவிடச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1972இல் கடற்கரையைக் கட்டட முதலாளிகளிடமிருந்து காக்கும் ஆணையத்தை உருவாக்கியதும் மக்கள் வாக்குதான். 1988இல் காப்பீட்டுக் கம்பெனிகள் ஆறு கோடி டாலருக்கு மேல் கொட்டி, குழப்புவதற்கென்றே போட்டி முன்மொழிவுகளை நிறுத்தியும், கட்டணக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்த 103 மட்டும் ஜெயித்தது. காப்பீட்டு ஆணையரை மக்கள் தேர்ந்தெடுப்பது அதிலிருந்து வந்ததுதான். 2012இல் பள்ளிகளுக்காகப் பணக்காரர்கள் மீது வருமான வரியை உயர்த்தியதும் அப்படியே. பணம் எப்போதும் ஜெயிப்பதில்லை. ‘இல்லை’ போட வைப்பதற்குப் பணம் நன்றாக உதவுகிறது, ‘ஆம்’ போட வைப்பதற்கு அவ்வளவு இல்லை. சந்தேகம் வந்தால் வாக்காளர் ‘இல்லை’ போடுவார், சந்தேகத்தை விளம்பரத்தால் உற்பத்தி செய்யலாம்.

ரெஃபரண்டத்தில் ஓட்டு நடக்கக்கூட வேண்டியதில்லை. 2022இல் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் 3,200 அடிக்குள் புதிய எண்ணெய்க் கிணறு கூடாது என்று சட்டம் வந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் கையெழுத்துச் சேர்த்துக் கொடுத்ததும் சட்டம் தானாக நின்றது. 2024 ஜூனில், வாக்கெடுப்புக்குச் சில மாதம் முன், மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நடுவில் கிடைத்த கால அவகாசம் அவர்களுக்குக் கிடைத்ததுதான்.

திரும்ப அழைத்தல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2003இல் கவர்னர் கிரே டேவிஸை இறக்கினார்கள், 135 பேர் போட்டியிட்டார்கள், ஒரு சினிமா நடிகர் வந்தார். ஆச்சரியப்பட நமக்கு என்ன இருக்கிறது.

*

நமக்கு நேராகத் தொடர்புள்ள ஒன்று 2023இல் நடந்தது. கலிபோர்னியாவின் கணினித் துறையில் வேலை செய்யும் இந்தியர்களோடு சாதியும் விமானம் ஏறிப் போயிருக்கிறது. 2020இல் மாநில அரசின் துறையே, ஒரு தலித் பொறியாளருக்காக, ஒரு பெரிய நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடர்ந்தது. அதைத் தொடர்ந்த விவாதங்களில், பாகுபாடு தடைச் சட்டத்தில் சாதி என்ற சொல்லைச் சேர்க்கும் மசோதாவை மேலவை உறுப்பினர் ஆயிஷா வஹாப் கொண்டுவந்தார். எண் 403. இரண்டு அவைகளும் நிறைவேற்றின. தலித் செயல்பாட்டாளர்கள் சாக்ரமெண்டோவில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அக்டோபரில் கவர்னர் காவின் நியூசம் மறுத்தார்: இருக்கிற சட்டமே போதும், இது தேவையில்லை.

நாற்பதாண்டாக முறியடிக்கப்படாத அந்த மறுப்பு. அப்போது ஒரு நண்பர் கேட்டார்: ‘கவர்னர் மறுத்தா என்ன, மக்கள்கிட்டயே போகலாமே, அங்கதான் நேரடிச் சட்டம் இருக்கே?’ நியாயமான கேள்விதான். ஐந்தரை லட்சம் கையெழுத்து, பல கோடி டாலர் விளம்பரம். அதற்கு முன், ஒன்றரைக் கோடி வாக்காளருக்குச் சாதி என்றால் என்ன என்று நூறு வார்த்தைக்குள் விளக்க வேண்டும். புலம்பெயர்ந்த சமூகத்துக்குள்ளேயே சிறுபான்மையாக இருக்கிறவர்கள் தங்கள் இழிவைப் பொதுச் சந்தையில் நிரூபித்துவிட்டு, அதற்குப் ‘போதுமான’ ஓட்டு விழுகிறதா என்று காத்திருக்க வேண்டும். தோற்றால், ‘மக்களே சொல்லிட்டாங்க’. அந்த வாக்கியத்துக்குப் பிறகு பேச இடமிருக்காது. நண்பருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. 2024 தேர்தல்தான் பதில் சொன்னது.

கலிபோர்னிய அரசியல் சட்டம் கட்டாய ஊழியத்தைத் தடை செய்கிறது, குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டாலொழிய. அந்த ‘ஒழிய’வை நீக்க வேண்டும் என்பது முன்மொழிவு 6. சிறையில் வேலை செய்ய மறுப்பவரைத் தண்டிக்கக் கூடாது, அவ்வளவுதான். சட்டமன்றமே அதை வாக்குக்கு அனுப்பியது. அரசாங்கப் புத்தகத்தில் எதிர்த்து வாதம் எழுத ஒருவர்கூட முன்வரவில்லை. எதிர்ப் பிரச்சாரம் என்று சொல்லத்தக்க ஒன்றும் நடக்கவில்லை. தோற்றது. அதே நாள், பக்கத்து நெவாடா மாநிலத்தில் கிட்டத்தட்ட இதே திருத்தம் நிறைவேறியது. அங்கே வாக்குச்சீட்டில் ‘அடிமைத்தனம்’ என்ற சொல் இருந்தது. கலிபோர்னியாவின் சீட்டில் ‘கட்டாய ஊழியம்’ என்று மட்டும் இருந்தது. தோல்விக்கு இந்தச் சொல்லைப் பலர் காரணமாகச் சொன்னார்கள். குற்றத்தைக் கண்டு எரிச்சலில் இருந்த வாக்காளர்கள், அதே சீட்டில் சிறுதிருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனையைக் கூட்டும் முன்மொழிவு 36க்கு 68 சதவீதம் ‘ஆம்’ போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, 2025 ஜனவரியில், லாஸ் ஏஞ்சலிஸ் பற்றியெரிந்தது. தீயணைப்பில் இறங்கியவர்களில் நூற்றுக்கணக்கானோர் மாநிலச் சிறைக் கைதிகள். தீயணைப்பு முகாமுக்குத் தாங்களாக முன்வந்து சேர்ந்தவர்கள். நாளொன்றுக்கு அவர்களுக்குக் கூலி 5.80 முதல் 10.24 டாலர் வரை. தீயில் நிற்கும் மணிக்கு ஒரு டாலர் கூடுதல். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அந்த அக்டோபரில் சட்டமன்றத்தின் வழியே ஒரு சட்டம் வந்து, தீயில் நிற்கும் நேரத்துக்கு மட்டும் மணிக்கு 7.25 டாலர் என்றாக்கியது. இதை யாரும் வாக்கெடுப்புக்கு விடவில்லை.